நெற்றியில் ஒட்டிய தூசு

தூசு என்றால் எனக்கு ஆகவே ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் போவது தொலைக்காட்சிப் பெட்டியின் மேல்புறத்துக்குத்தான். விரலால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்காமல் என்னால் உட்கார முடியாது. இதனாலேயே சிலர் என்னை வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். போகட்டும். ஆறு வருடம் தூசு துடைத்தே சம்பளம் வாங்கியவளைக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு என்றால் எப்படி இருப்பாள்?

எண்பதுகளின் தொடக்கம் அது. தேக்கா சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள், மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் நான் வேலை பார்த்தேன். காலண்டர், ஹோட்டல் விளம்பரம், பத்திரிகை அட்டை என்று வண்ணத்தில் அச்சாகிற படங்களை ஸ்கேன் செய்து கொடுக்கிற இடம். புகைப்படக்காரர்கள் ஸ்லைடு கொண்டுவருவார்கள். தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய பிலிம் துண்டு, அட்டைச் சட்டத்துக்குள் இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முகம் அப்படியே வண்ணத்தில் தெரியும். அதைச் சட்டத்திலிருந்து பிரித்து, கண்ணாடி உருளை ஒன்றில் ஒட்டி, உருளையைச் சுழலவிட்டு இயந்திரம் படிக்கும். உருளைக்குப் போகும் முன் ஒவ்வொரு துண்டும் என் கைக்கு வரும். அதில் ஒரு தூசுகூட இல்லாமல் அனுப்புவது என் பொறுப்பு. படம் பெரிதாகும்போது கூடவே தூசும் பெரிதாகுமே! கண்ணுக்கே தெரியாத துகள், காலண்டரில் வரும்போது சிரிக்கிற பெண்ணின் கன்னத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி கறுப்பாக நிற்கும்.

மசாலாக் கடைக்கு மேல் இப்படி ஒரு தொழிலை வைக்க எவருக்காவது மனசு வருமா? எங்கள் முதலாளிக்கு வந்தது. வந்த முதல் வாரமே மிளகாய்த்தூள் மேலே ஏறி எல்லாரும் தும்மியிருக்கிறார்கள். உடனே ஜன்னல்களை எல்லாம் பலகை வைத்து அடைத்து, ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டார். பகல் பதினொரு மணிக்கும் உள்ளே இருட்டுதான். என் அறையில் இருந்த ஒரே வெளிச்சம், மேசைக்குள்ளிருந்து மேலே வருகிற லைட் டேபிளின் வெள்ளை வெளிச்சம். குளிர்சாதனம் எலும்பைக் குடையும். ஆனால் கம்பளிச் சட்டை போடக் கூடாது, அதிலிருந்து இழை உதிரும். முகத்துக்குப் பவுடர் கூடாது. தலைக்குப் பூ கூடாது. முடியை ஒரு துணித் தொப்பிக்குள் அள்ளித் திணித்துக்கொண்டு, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பிரேதப் பரிசோதனைக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

வேலை என்னவோ எளிதுதான். முதலில் ரப்பர் குமிழால் காற்றடித்து ஊத வேண்டும். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தடவ வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் பிலிமில் மின்சாரம் ஏறி, போன தூசைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும். அதற்கும் போகாததை, பிலிம் துடைக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து எடுக்க வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு சின்ன விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் தூசு தெரியும். அப்படிப் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு நிம்மதி போய்விடும். காற்றே அசையாத அறையில் அவை தாமாக மிதந்துகொண்டே இருக்கும். நான் மூச்சை அடக்கினாலும் நகரும்.

உருளையை ஓட்டியவர் ஒரு சீனர். ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் அவரை அங்கிள் என்போம். இந்தத் தூசெல்லாம் எங்கிருந்துதான் வருகிறது என்று ஒருநாள் அவரிடம் எரிச்சலோடு கேட்டேன். பாதிக்கு மேல் மனுஷத் தோல்தான் என்றார். நம் மேலிருந்து உதிர்வதுதான் என்றார். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த சீனக் கிழவி, வேலையில் இருக்கும்போதே ஒருநாள் வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் போய் எட்டு மாதம் கழித்து, லைட் டேபிள் கண்ணாடிக்கு அடியிலிருந்து நீளமான நரைமுடி ஒன்றை நான் எடுத்தேன். அந்தக் கண்ணாடியை நான் வாரா வாரம் கழற்றித் துடைப்பவள். முடியை அங்கிளிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நானும் அம்மாவும் குவீன்ஸ்டவுனில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு அவர் வீடு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நாங்கள் கத்தோலிக்கர்கள், அவர்கள் இந்துக்கள். கிறிஸ்துமஸ் கேக்கும் தீபாவளி முறுக்கும் அந்த நடைபாதையில் இங்குமங்கும் போய்வரும். அவர் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அதற்கு மூன்று வருடம் முன் ஏதோ ஒரு துறைமுகத்தில் கரைக்கு இறங்கினவர் கப்பலுக்குத் திரும்பவில்லை. கப்பல்காரர்கள் ஒரு கடிதம் அனுப்பினார்கள், அவ்வளவுதான். உடம்பும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. வீட்டில் அக்காவும், இரண்டு கண்ணிலும் புரை விழுந்து பார்வை போன மாமியாரும் மட்டும். அக்கா தினமும் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு, தாலியை ரவிக்கைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று.

கணவருடைய அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான், காரியம் செய்யாமல் விட்டால் அவன் ஆத்மா அலையும், புரட்டாசி அமாவாசைக்குக் கடற்கரையில் வைத்துச் செய்துவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். காரியம் செய்தால் அக்கா பொட்டையும் தாலியையும் எடுக்க வேண்டும். அக்கா முடியாது என்றார். மூன்று மாதம் சண்டை. கடைசியில் பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு வழி சொன்னார்கள்: தமிழ்ப் பத்திரிகையில் படத்தோடு 'காணவில்லை' விளம்பரம் கொடுப்பது; பினாங்கு, கிள்ளான் வரைக்கும் கப்பல்காரர்கள் படிக்கிற பத்திரிகை அது. அமாவாசைக்குள் யாராவது பார்த்தேன் என்று வந்தால் சரி. வராவிட்டால் அக்கா காரியத்துக்குச் சம்மதிக்க வேண்டும். அக்கா ஒத்துக்கொண்டார். வேறு என்ன செய்ய முடியும் அவரால்?

இருந்த படம் இரண்டு. ஒன்று கல்யாணப் படம், அதில் அவர் மீசை முளைக்காத ஒல்லிப்பிச்சான். யாருக்கும் அடையாளம் தெரியாது. இன்னொன்று கப்பல் நண்பர் ஒருவர் தளத்தில் வைத்து எடுத்துக் கொடுத்த ஸ்லைடு. மார்பளவு படம். கட்டைவிரல் நகமளவு முகம், நேராகப் பார்க்கிற கண்கள். ஸ்லைடைப் பத்திரிகைக்காரர்கள் வாங்கமாட்டார்கள். நான்தான் வாயைக் கொடுத்தேன். எங்கள் இடத்தில் காலண்டர் வேலை ஓடும்போது உருளை ஓரத்தில் இதையும் ஒட்டி எடுத்துத் தருகிறேன் அக்கா, கவலைப்படாதீங்க என்று சொல்லிவிட்டேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு பாசம். அந்த அண்ணன்மேல் அவ்வளவு கோபம்.

அது சீனர்களின் ஏழாம் மாதம். பசித்த ஆவிகள் ஊருக்குள் வந்துபோகிற மாதம் என்பார்கள். எங்கள் சந்து முனையில் தகர டின் வைத்துக் காகிதக் காசு எரிப்பார்கள். கரி கறுப்பு இதழாக மிதந்து, குளிர்சாதனக் குழாய் வழியாக எப்படியோ உள்ளே வந்துவிடும். அந்த மாதம் முழுக்க எனக்கு இரட்டை வேலை. எரித்த சாம்பலைக் காலால் மிதிக்காதே, துடைப்பத்தால் கூட்டாதே என்று அங்கிள் வேறு உத்தரவு போடுவார். ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டுமாம். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் ஒற்றித்தான் எடுப்பேன்.

அக்காவின் ஸ்லைடை ஒரு வியாழக்கிழமை கொண்டுபோனேன். சட்டத்தைப் பிரித்து லைட் டேபிளில் வைத்தால், அவர் கணவரின் நெற்றி நடுவில் ஒரு துகள். ஊசிமுனையளவு. சாம்பல்தான் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். ஊதினேன், பிரஷ்ஷால் தடவினேன். போய்விட்ட மாதிரிதான் தெரிந்தது. அன்றைக்குக் காலண்டர் அவசரம், முதலாளி பின்னாலேயே நின்றார். பக்கவிளக்கில் மறுபடி பார்க்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அங்கிள் ஸ்லைடை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பஜார் மலாயில் கேட்டார்: "இனி ஓராங் மாசே ஹிடுப் கா?"

ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கிறார். இறந்தவர் முகத்தை இந்த மாதத்தில் உருளையில் போட்டுச் சுற்றமாட்டாராம். நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்குமேல் சுற்றுமே, அப்படிச் சுற்றினால் வந்த ஆவிக்குத் திரும்பிப் போக வழி தெரியாதாம். சிரிக்கலாமா கோபப்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை. உயிரோடுதான் இருக்கிறார், போன வாரம்கூடக் கடிதம் வந்தது என்று கூசாமல் பொய் சொன்னேன். அந்த ஞாயிறு பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் அதைச் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

உருளை சுற்ற ஆரம்பித்தது. முதலில் அவர் முகம் வந்து வந்து போனது. பிறகு ஒரு பழுப்புக் கோடாக ஆகிவிட்டது. அந்த ஊளைச் சத்தத்தை நான் தினமும் கேட்கிறவள்தான். அன்றைக்கு மட்டும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

வந்த படத்தைப் பார்த்தால், நெற்றியில் கறுப்பாக மிளகளவு ஓட்டை. பத்திரிகை அச்சில் அது இன்னும் பரவி, புருவம் வரைக்கும் விழுங்கிவிடும். யார் முகமோ ஆகிவிடும். அங்கிள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. இந்த வாரம் இன்னொரு தடவை அதைத் தொடமாட்டேன், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. என் கையிலிருந்து போனதில் தூசா! அப்போதே பக்கவிளக்கைப் போட்டு, திரவம் தோய்த்த பஞ்சால் துடைத்து, லூப் என்கிற சின்ன உருப்பெருக்கியை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். சுத்தம். புதுச் சட்டத்தில் போட்டு, மெழுகுத்தாள் உறைக்குள் வைத்து ஒட்டினேன்.

அந்த உறையை அன்று சாயங்காலமே அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். படம் வீட்டில் இல்லாமல் ஓர் இரவுகூட இருக்க முடியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். நெற்றியில் தூசு, படம் கெட்டுவிட்டது, அடுத்த வாரம் மறுபடி எடுத்துவிடலாம், என் தப்புதான் அக்கா என்றேன். அவர் பரவாயில்லம்மா என்று சொல்லி, காப்பி கலக்கப் போய்விட்டார். இன்னொருத்தியாக இருந்தால் என்னைக் கிழித்திருப்பாள், எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழன், உறையை வாங்கிக்கொண்டு போனேன். ஒட்டினது ஒட்டினபடிதான் இருந்தது என்று அப்போது நினைத்தேன். சட்டத்தைப் பிரித்து லைட் டேபிளில் வைத்தேன்.

நெற்றியில் தூசு. அதே இடம். முன்பைவிடப் பெரிதாக, கடுகளவு.

அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஊதினேன், அசையவில்லை. பிரஷ், அதற்கும் அசையவில்லை. லூப்பைக் கண்ணில் வைத்துக் குனிந்தேன். சாம்பலென்றால் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டுமே! இது மஞ்சள். காய்ந்து வெடித்த மஞ்சள், நடுவில் சிவப்பு. சந்தனம், அதற்குமேல் குங்குமம். எங்கள் வீட்டில் அந்த வழக்கமில்லை என்றாலும் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்? செத்தவர் படத்துக்கு மாலை போட்டு, நெற்றியில் இப்படித்தான் வைப்பார்கள். லூப்புக்குள் அவர் கண் இரண்டும் பெரிதாக என்னையே பார்த்தன.

பயம் ஒரு பத்து நிமிஷம்தான். அப்புறம் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் பயம் போய்விடும், அது ஒரு வசதி. அக்காவின் மாமியார்க் கிழவி! மருமகள் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்க, மகனை இவள் செத்தவனாக்கிப் பொட்டு வைக்கிறாளா? கண் தெரியாதவள் கையைப் பிடித்துப் பெரிய மகன்தான் வைக்கவைத்திருப்பான். இருக்கட்டும், நான் யாரென்று காட்டுகிறேன் என்று பஞ்சை எடுத்தேன். நல்லவேளை, பூச்சு பிலிமின் வழவழப்பான பக்கத்தில்தான் இருந்தது, படத்துக்குள் இறங்கவில்லை. முக்கால் மணி நேரம். ஒரு பஞ்சை ஒரு தடவைக்கு மேல் வைக்கவில்லை. மஞ்சள் போய், சிவப்பு போய், கடைசி மினுமினுப்பும் போனது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. அங்கிள் முனகிக்கொண்டே உருளையில் ஏற்றினார். நான் இந்தத் தடவை வெளியே போகவில்லை. அது நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

படம் அச்சு அசல். புருவ முடியை எண்ணலாம். ஆறு வருடத்தில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை. அங்கிள்கூட, நல்லா வந்திருக்கு லா என்றார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். மாமியார் மட்டும் நாற்காலியில் இருந்தார். அக்கா இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று நான் ஆரம்பித்துவிட்டேன். பெற்ற மகன் படத்துக்கு இப்படிச் செய்ய உங்களுக்கு எப்படி மனசு வந்தது, உங்க மருமகளுக்குத் தெரிந்தால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று கேட்டுவிட்டேன். கிழவி என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். வெள்ளைப் படலம் மூடிய கண்ணால் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு அந்தப் படம் எங்க இருக்குன்னே தெரியாதும்மா. ஆனா தினம் காலையில இந்த வீட்ல யாரோ அவன்கிட்ட பேசுறாங்க. பேசிட்டு, அவன் பதில் சொல்ற மாதிரி கொஞ்ச நேரம் சும்மா இருக்காங்க. திரும்பவும் பேசுறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் தெரியாதவர், ஏதோ கனவைச் சொல்கிறார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மன்னிச்சிருங்க என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று நடைபாதையில் என் வீட்டுக்கு நடந்த பத்தடியும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவிடம் எதையும் கேட்கவில்லை. அக்காவும், படம் சுத்தமாக வந்துவிட்டது என்று நான் சொன்னபோது, அப்படியா என்று மட்டும் கேட்டார்.

விளம்பரம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தேக்கா தேநீர்க் கடையில் மூன்று பேர் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு அவர் படத்தைப் பார்த்ததை நானே பார்த்தேன். முதல் இரண்டு நாள் அது சந்தோஷமாக இருந்தது. அப்புறம் போகிற இடமெல்லாம் அவர் வந்தார். பூக்காரம்மா மல்லிகையைச் சுற்றிக் கொடுத்த தாளில் அவர் இருந்தார். வடை மடித்த தாளில் எண்ணெய் ஊறி, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி இருந்தார். பேருந்து நிறுத்தத்தில், மழையில் நனைந்து தரையோடு ஒட்டிக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் என் கண் முதலில் நெற்றிக்குத்தான் போகும். சுத்தமாகத்தான் இருந்தது.

ஆட்களும் வந்தார்கள். அதுதான் விசேஷம். கப்பலில் கூட இருந்த இருவர் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். பினாங்கிலிருந்து ஒருவர் எழுதினார். இந்த முகத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும், அவ்வளவு பழக்கம் என்று. பழைய சமையல்காரர் ஒருவர் நேரிலேயே வந்து, படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. மூன்று வருடமாக ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை.

அமாவாசைக்கு முதல் நாள் மாலை. அண்ணன் வந்து அக்காவிடம் பேசிவிட்டுப் போவதை எங்கள் கதவிலிருந்து பார்த்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. சண்டை போடாமல் விட்டுவிட்டாரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. விறுவிறுவென்று போனேன். அக்கா சமையலறை ஜன்னலருகே நின்றிருந்தார். கையில் ஸ்லைடு. மேற்கு வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்மதம் சொல்லிட்டேன் என்றார்.

நான் கத்தினேன். இன்னும் ஒரு மாதம் கேளுங்கள், இந்தோனேசியப் பத்திரிகையில் போடலாம், மலாய்ப் பத்திரிகையில் போடலாம், என்னிடம்தான் நல்ல படம் இருக்கிறதே, எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துத் தருகிறேன் என்றேன். உங்க மாமியாரோ மச்சானோ சந்தனம் வைத்தால் அவர் செத்துப்போயிடுவாரா என்று, இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததையும் கொட்டிவிட்டேன்.

அக்கா திரும்பினார்.

"அவங்க யாரும் வைக்கல. நான்தான் வச்சேன்."

தினமும் காலையில் பொட்டு வைத்துக்கொண்டபின் அதே விரலின் நகநுனியால் ஸ்லைடில் கணவர் நெற்றியைத் தொட்டு, கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் சமையலறைக்கு வருவாராம். அன்றைக்கு என்ன சமையல், யார் வந்தார்கள், அவருடைய அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது, அதையெல்லாம் சொல்வாராம்.

"மொத தடவ தெரியாமத்தான் பட்டுச்சு. நீ வந்து, நெத்தியில தூசு, படம் கெட்டுப்போச்சு, பேப்பர்ல போட முடியாதுன்னு சொன்னியே, அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. ரெண்டாவது தடவ தெரிஞ்சேதான் வச்சேன். உறையைப் பிரிச்சு, வச்சு, காயவிட்டு, திரும்ப ஒட்டி உன் கையில குடுத்தேன்."

ஏன்க்கா என்று கேட்டேன்.

"முகம் சரியாத் தெரியாம வந்திருந்தா, யாரும் வரலன்னாலும், படம் சரியில்ல, அதான் யாருக்கும் அடையாளம் தெரியலன்னு சொல்லியிருப்பேன். மச்சான்கிட்ட சொல்லியிருப்பேன். எனக்கே சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன். இந்த அமாவாசைக்கும் அதையே சொல்லியிருப்பேன், அடுத்த வருஷமும் சொல்லியிருப்பேன். இப்ப என்ன சொல்றது? எல்லாருக்கும்தான் அடையாளம் தெரிஞ்சுபோச்சே."

ஸ்லைடை உறைக்குள் போட்டார். உறையின் வாயை ஒட்டவில்லை.

"கொஞ்சம் அழுக்காவே விட்டிருக்கலாம்ல நீ."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.